தேய்ந்த சொல்லும் திறந்த பூட்டும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவியரங்கம் முடிந்த இம்மேடையில், தமிழ் கற்பிக்கும் ஒருத்தி போர்க்காலச் சங்கேதங்களைப் பற்றியும் கணிப்பொறியின் பிறப்பைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வரலாற்றைப் பயிலுந்தோறும் எனக்குத் தென்படுவது சொல்லைப் பற்றிய ஒரு பாடமே. அதனை உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகள் தம் செய்திகளை எனிக்மா என்னும் பொறியால் மறைத்தன. விசையை அழுத்துந்தோறும் உள்ளிருக்கும் சக்கரங்கள் நகர்ந்து, ஓர் எழுத்துக்கு ஈடாக வேறோர் எழுத்தைத் தரும். ஜெர்மன் இராணுவம் கையாண்ட எனிக்மாவின் உள்ளமைப்பை 1932இல் கணிதத்தாலே கண்டறிந்தவர் போலந்து நாட்டு மரியன் ரெயெவ்ஸ்கி. 1939 ஜூலையில் போலந்தினர் தாம் அறிந்தவற்றைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் வழங்கினர். லண்டனுக்கு வடமேற்கே, பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங், கார்டன் வெல்ச்மன் முதலானோர் அப்பணியை மேற்கொண்டு நடத்தினர்.

அவர்களுக்குக் கைகொடுத்தவற்றுள் தலையாயது, பகைவர் மாற்ற மறந்த வழக்குச் சொற்கள். வானிலை அறிக்கைகள் குறித்த வேளையில், பழகிய வாய்பாட்டில் வந்தன. மரியாதைத் தொடர்களும் பதவிப் பெயர்களும் அவ்வாறே. எனிக்மாவில் எந்த எழுத்தும் தானாகவே வெளிவராது. ஆகவே, ஊகித்த தொடரை மறைமொழியின் மேல் நகர்த்தி வைத்து, எழுத்து எங்கும் ஒத்துவிடாத இடத்தைத் தேடினர். அவ்விடம் கிடைத்தபின், டூரிங் வகுத்த 'பாம்ப்' என்னும் மின்பொறி சக்கர நிலைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தது.

ஜெர்மன் தலைமைப் பீடம் கையாண்ட லோரன்ஸ் பொறியோ பன்னிரண்டு சக்கரங்கள் கொண்டது. அதுவும் மனிதப் பழக்கத்தால்தான் பிடிபட்டது. 1941 ஆகஸ்டு 30 அன்று ஏறத்தாழ 4,000 எழுத்துகள் கொண்ட செய்தியை ஒருவர் அனுப்பினார். சரியாக வரவில்லை, மீண்டும் அனுப்புக என்றனர். அவர் சக்கர நிலையை மாற்றாமலே, சில சொற்களை மட்டும் சுருக்கி மறுபடி அனுப்பினார். அந்தச் சிறு வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு ஜான் டில்ட்மன் இரு செய்திகளையும் பிரித்தெடுத்தார். அதிலிருந்து, கண்ணால் காணாத பொறியின் அமைப்பு முழுவதையும் உய்த்துணர்ந்தார் பில் டட் என்னும் இளைஞர்.

அவர் காட்டிய வழி மனிதக் கணக்குக்கு அடங்காதது. அதற்கெனத் தபால் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் படைத்ததே கொலோசஸ். 1944 பிப்ரவரியில் பணி தொடங்கிய முதற்பொறியில் ஏறத்தாழ 1,600 வால்வுகள். இத்தனை வால்வுகள் ஒருங்கே பழுதின்றி இயங்குமா என ஐயுற்றோர் பலர். அணைக்காது வைத்திருந்தால் அவை நீடித்து உழைக்கும் என்பதை ஃபிளவர்ஸ் தம் பட்டறிவால் அறிந்திருந்தார். துளையிட்ட காகித நாடாவை நொடிக்கு 5,000 எழுத்து வீதம் அப்பொறி படித்தது. அதற்குப் பொருள் தெரியாது. எண்ண மட்டுமே தெரியும். ஜெர்மன் மொழியில் சில எழுத்துகள் இரட்டித்து வரும், சில குறிகள் திரும்பத் திரும்ப வரும். எண்ணிக்கை தற்செயலை மிஞ்சிய இடத்தில் மொழியின் சாயல் வெளிப்பட்டது. அப்பொறிகளை இரவும் பகலும் இயக்கியவர் கடற்படை மகளிர். முப்பது ஆண்டுக் காலம் அவர்கள் தம் வீட்டாரிடமும் வாய் திறவாதிருந்தனர்.

இனி, கவிஞர்களுக்கு நேரே உரிய செய்தி. ஐரோப்பாவில் இறங்கிய பிரிட்டானிய ஒற்றர்களுக்குக் கவிதையே திறவுகோலாகத் தரப்பட்டது. மனப்பாடப் பாடலிலிருந்து ஐந்து சொற்களைத் தேர்ந்து, அவற்றின் எழுத்துகளை வரிசைப்படுத்திச் செய்தியைக் கலைப்பர். பாடல் புகழ்பெற்றதாயின் பகைவர் ஊகித்துவிடுவர்; ஊகித்தால் உயிர் போகும். 1942இல் அப்பணியில் சேர்ந்த லியோ மார்க்ஸ் என்னும் இளைஞர் இதனைக் கண்டு பதறி, எவரும் அறியாத புதுக் கவிதைகளைத் தாமே எழுதி வழங்கினார். அதுவும் போதாதெனக் கண்டு, பொருளற்ற எழுத்துகளைப் பட்டுத் துணியில் அச்சிட்டுத் தந்தார். பயன்படுத்திய பகுதியை வெட்டி எரித்துவிடலாம். பிடிபட்டவரைச் சித்திரவதை செய்தாலும் அவர் நினைவில் எதுவும் இராது.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். முற்றிலும் ஊகிக்கவியலாத எழுத்து காப்பானதுதான். ஆனால் அது எதனையும் சொல்வதில்லை. எளிதில் ஊகிக்கத்தக்க தொடரோ எதனையும் காப்பதில்லை. கவிதைக்கு உரிய இடம் இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது. கேட்பவர் தம் மொழியென்று உணரவேண்டும். அடுத்த சொல்லை அவரே சொல்லிவிடவும் கூடாது.

இவ்வுரைக்கென, பத்தாண்டுகளாக நம் அரங்கில் படித்த கவிதைகளை மீண்டும் புரட்டினேன். என் கவிதைகளும் அவற்றுள் உண்டு. நிலவு என்றதும் முகம் வந்தது. விழி என்றதும் மீன் வந்தது. விடியல் என்றதும் அடுத்த அடியை நானே முடித்துவிட்டேன். எண்ண மட்டுமே தெரிந்த ஒரு பொறி நம் தொகுப்பைத் திறக்க எத்தனை நொடி கொள்ளும் என்று எண்ணியபோது நாணம் மேலிட்டது. எனினும் அத்தொகுப்பில் ஏழெட்டு வரிகள் ஊகத்துக்கு இடங்கொடாமல் என்னை நிறுத்தின. அவற்றை எழுதியோர் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அடுத்த பத்தாண்டு அவ்வரிகளின் வழியே நடக்கட்டும்.