படப்பொறி பயின்ற அகத்தீசுவரத்தார்

(குமரி மாவட்டத் தமிழிளைஞர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தாமே ஆக்கி வெளியிட வேண்டுமென்னும் வேட்கை இம்மாவட்டத்து இளைஞர் பலர்க்கு உண்டு. ஆனால், அவ்வேட்கையை வெளியிட்ட அடுத்த நொடியே, "எமக்குக் கற்றுத் தருவார் யார்?" என்று கேட்டுக் கைகட்டி நின்றுவிடுகின்றனர். இவ்வினாவிற்கு விடைதேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அகத்தீசுவரம் வரை சென்றால் போதும். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் இதே வினாவோடு புறப்பட்டுப் போன ஒருவர் அவ்வூர்க் குடும்பத்தினர். சே. சி. தானியேல் என்பது அவர் பெயர். டேனியல் என எழுதுவதே இன்று பெருவழக்கு.

அவர் முதலில் படக்காரர் அல்லர். வாள் வீச்சில் பற்றுடையவர். 1915-இல் அக்கலைபற்றி ஆங்கிலத்தில் நூலே எழுதி வெளியிட்டவர். மறைந்து வரும் போர்க்கலையை ஊரறியச் செய்ய எழுத்தினும் படமே வலிது என்பது அவர் எண்ணம். சென்னைக்குச் சென்றார், படநிலையங்களின் வாயிலைக்கூடக் கடக்க விடவில்லை. மும்பைக்குச் சென்றார், தாம் ஓர் ஆசிரியர் என்றும், மாணவர்க்குத் திரைக்கலையை விளக்கவே பார்க்க வந்ததாகவும் சொல்லி உள்ளே நுழைந்தார் என்பர். பொறியை எப்படிச் சுழற்றுகின்றனர், ஒளியை எப்படி அமைக்கின்றனர், சுருளை எப்படிக் கழுவுகின்றனர் என அனைத்தையும் கண்ணாலேயே கற்றார். அது பொய்யன்றோ என்பார் இருக்கலாம். கல்விக் கதவை அடைத்து வைத்தவர்களைக் கேட்டபின் அவரைக் கேட்கட்டும்.

நிலபுலத்தை விற்றுக் கருவிகள் வாங்கினார். 1926-இல் திருவனந்தபுரத்துப் பட்டத்தில் 'திருவிதாங்கூர் நேசனல் பிக்சர்சு' என்னும் படநிலையத்தை நிறுவினார். 'விகதகுமாரன்', அஃதாவது காணாமற்போன மகன், என்னும் படம் அங்கே உருவாயிற்று. எழுதியவர் அவரே, இயக்கியவர் அவரே, பொறியை இயக்கியவரும், சுருளை வெட்டித் தொகுத்தவரும், தலைவனாக நடித்தவரும் அவரே. திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் பிள்ளை இலங்கைக்குக் கடத்தப்பட்டு அங்கே தோட்டத் தொழிலாளியாக உழலும் கதை அது. பிறர் பெரும்பாலும் தொன்மக் கதைகளையே படமாக்கிக் கொண்டிருந்த அந்நாளில், தம் காலத்து மாந்தரைப் படத்தில் நிறுத்தியவர் இவர். படம் வெளிவந்தது 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். இதனை மலையாளத்தின் முதற்படம் என்கின்றனர். பேசாப் படத்திற்கு மொழி ஏது என்பது ஒருபுறம் இருக்கட்டும்.

கலையைத் தாமே கற்றவரால் அன்றைய குமுகாயத்தின் கொடுமையை மட்டும் வெல்ல இயலவில்லை. தலைவியாக நடித்த பி. கே. உரோசி ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து நிகழும் காக்காரிசி நாடகத்தில் ஆடியவர். அவர் நாயர்ப் பெண்ணாக நடித்துவிட்டார் என்பதற்காகத் திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் திரைமேல் கல்லெறிந்தனர். அவர் குடிசைக்கும் தீ வைத்தனர் என்பர். ஊரை விட்டோடிய அப்பெண் நாகர்கோவிலில் வேறு பெயரோடு வாழ்ந்து மறைந்தார். தாம் நடித்த படத்தைக் கொட்டகையில் அமர்ந்து காணவும் அவரை விட்டிலர். இக்கொடுமைக்கு எம்மொழியினரும் விலக்கல்லர். தமிழரும் நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படநிலையம் மூடப்பட்டது. தானியேல் பல்மருத்துவம் கற்றுத் தமிழ்நாட்டு ஊர்களில் பிழைத்தார். முதுமையில் வறுமையுற்றபோது கேரள அரசின் உதவித்தொகையை நாடினார். அவர் தமிழ்நாட்டில் வாழ்பவர் என்று கூறி மறுத்துவிட்டனர். 1956 நவம்பர் முதல்நாள் குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அவ்வெல்லைக் கோடு முதியவர் ஒருவரின் சோற்றிற்குக் குறுக்கே போடப்பட்டது. 1975-இல் அவர் மறைந்தார். மறைந்தபின் 1992-இல் அதே அரசு அவர் பெயரால் உயரிய விருதொன்றை நிறுவிற்று. 2013-இல் அவர் வாழ்க்கை மலையாளத்தில் படமாகவும் வந்தது. குமரித் தமிழருள் அவர் பெயரை அறிந்தார் எத்தனைப் பேர்?

அவர் மறைந்த அதே ஆண்டில்தான், ஆகத்து 15-இல், சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982 முதல் தில்லி நிகழ்ச்சி இந்தியோடு வீட்டிற்குள் வந்தது. பின்னர்த் தனியார் நிலையங்கள் பெருகின. இந்தி குறைந்தது, ஆங்கிலக் கலப்போ மிகுந்தது. நாஞ்சில் பேச்சு அங்கே நகைப்புக்கு மட்டுமே இடம்பெறுகிறது. இந்நிலை மாற வேண்டுமாயின் படப்பொறி நாஞ்சிலார் கையில் இருக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது? தாதாசாகிப் பால்கே 1912-இல் இலண்டனினின்று பொறி வாங்கி வந்ததும் பெரும்படம் எடுக்கப் புகவில்லை. தொட்டியிற் பட்டாணி விதைத்து, நாளுக்கொரு படமாக ஒரு திங்களுக்கு மேல் எடுத்து ஓட்டினார். முளை கண்முன்னே செடியாயிற்று. காலத்தைச் சுருக்கும் வித்தையை அச்செடியிடமே கற்றார். அதன் பின்னரே 1913-இல் அவரது முழுப்படம் வந்தது. நாஞ்சில் வயலில் ஒரு நெல்நாற்றைக் கைப்பேசியால் அவ்வாறு எடுக்க ஒரு காசும் ஆகாது.

அடுத்துத் தோவாளைப் பூச்சந்தைக்கு விடியுமுன் செல்லலாம். சந்தை முழுவதும் தெரியும் சேய்மைக் காட்சி ஒன்று, மாலை கட்டும் விரல்களின் அண்மைக் காட்சி ஒன்று, விலை கேட்பவரின் முகம் ஒன்று. இம்மூன்றையும் முன்பின்னாக மாற்றி அடுக்கிப் பார்த்தால், தொகுப்பு என்பது என்னவென்று ஒரே மாலையில் விளங்கிவிடும். ஒலியில்தான் புதியவர் பெரும்பாலும் வழுக்குகின்றனர். படம் சற்று மங்கினாலும் மக்கள் பொறுப்பர். பேச்சு கேளாவிடின் எழுந்து போவர். ஒலிவாங்கியைப் பேசுவார் வாயருகே வையுங்கள். அடிமுறை ஆசானைப் பேசவிட்டால் அவர் தம் பேச்சிலேயே பேசட்டும். குளச்சல் மீனவரையும் அவ்வாறே. அவர்கள் வாயிலுள்ள சொற்களைத் திருத்த வேண்டா. தொகுத்துரைப்பவர் வாயிலுள்ள ஆங்கிலத்தைத் திருத்தினாற் போதும்.

எடுத்ததை ஈரிடங்களில் படியெடுத்து வையுங்கள். தானியேல் எடுத்த படத்தில் இன்று ஓட்டிப் பார்க்க ஒரு சுருளும் இல்லை. அக்காலச் சுருள் எளிதில் தீப்பற்றும். சிறுவனாயிருந்த அவர் மகன் அதனைக் கொளுத்தி விளையாடினானாம். எஞ்சியவை ஒளிப்படங்கள் சிலவே.