சாயம் காட்டிக்கொடுக்கும் நோய்



அறுபது வயதைத் தாண்டிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். சில மாதங்களாகவே அவருக்குச் சரியான பசி இல்லை. இரண்டு வாய் சோறு உண்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது. சில நாள் வயிற்றுப்போக்கு, சில நாள் மலச்சிக்கல். "கேஸ்ட்ரிக்தான், வேறொன்றுமில்லை" என்கிறார்கள் வீட்டில் உள்ளவர்கள். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையையும் அவர் விழுங்குகிறார். உடல் எடை மட்டும் குறைந்துகொண்டே போகிறது.

இப்படிப்பட்ட தொல்லைக்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணமே இருக்கும். ஆனால் அரிதாகச் சிலருக்கு அதன் பின்னால் 'அமிலாய்டோசிஸ்' என்ற நோய் ஒளிந்திருக்கிறது.

உடலில் உருவாகும் சில புரதங்கள் தவறான வடிவில் மடிந்து, கரையாத நுண்ணிய இழைகளாக மாறித் திசுக்களில் படிகின்றன. குடலில் படிந்தால் குடலின் அசைவு குறைகிறது. சத்துகள் சரிவர உறிஞ்சப்படுவதில்லை. இரத்தக் குழாய்கள் வலுவிழந்து இரத்தம் கசியவும் கூடும். இதே படிவு இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கினால் உயிருக்கே ஆபத்து.

1854ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ச்சோ, இந்தப் படிவு அயோடினுடன் சேர்ந்து நிறம் மாறுவதைக் கண்டு, மாவுச்சத்தைப் போன்றது என்ற பொருளில் 'அமிலாய்டு' என்று பெயரிட்டார். அது புரதம் என்பது பின்னரே தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இதைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தாலும் குடலின் உட்புறம் இயல்பாகவே தோன்றலாம். ஆகவே, பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்திலிருந்தும் சிறு திசுத் துண்டுகளை எடுக்க வேண்டும். எடுத்தாலும், வழக்கமான சாயத்தில் அமிலாய்டு தப்பிவிடக்கூடும். அதற்கு 'காங்கோ சிவப்பு' என்ற சாயம் தேவை. பருத்தித் துணிக்காக 1880களில் உருவான சாயம் அது. 1922இல் ஹான்ஸ் பென்ஹோல்ட் அது அமிலாய்டைப் பற்றிக்கொள்வதைக் கண்டறிந்தார். அந்தச் சாயமிட்ட திசுவை முனைவாக்கப்பட்ட ஒளியில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் அமிலாய்டு பச்சையாக மின்னும்.

ஆனால் மருத்துவருக்குச் சந்தேகம் எழுந்தால்தானே அந்தச் சாயத்தைக் கேட்பார்! அந்தச் சந்தேகத்தை எழுப்பும் தகவல் நோயாளியிடம் இருக்கிறது. நாக்கு தடித்துப் பல் தடம் பதிவது, கண்ணைச் சுற்றி அடிபடாமலே இரத்தக் கன்றல், கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், கைகால் மரத்துப்போவது, எழுந்து நின்றதும் தலைசுற்றல் ஆகியவை முக்கியமான தடயங்கள். நாக்கைப் பல் மருத்துவரிடமும், கால் வீக்கத்தை வேறொருவரிடமும் காட்டிவிட்டு, வயிற்று மருத்துவரிடம் வயிற்றை மட்டும் சொன்னால் படம் முழுமையாகாது. நீண்ட காலக் காசநோய், முடக்குவாதம் இருந்ததையும் மறைக்கக் கூடாது. அவற்றாலும் ஒருவகை அமிலாய்டு உண்டாகிறது.

அமிலாய்டு உறுதியானதோடு வேலை முடிவதில்லை. எந்தப் புரதம் என்பதையும் கண்டறிய வேண்டும். எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா அணுக்களிலிருந்து வருவது ஒருவகை. பெரும்பாலும் கல்லீரலில் உருவாகும் புரதத்தால் வருவது இன்னொரு வகை. முன்னதற்குத் தரும் புற்றுநோய் மருந்து பின்னதற்குப் பயன்படாது. அதனால்தான் இரத்தம், சிறுநீர்ச் சோதனைகளும் திசுவிலுள்ள புரதத்தின் ஆய்வும் அவசியமாகின்றன. இன்று இரு வகைகளுக்கும் தனித்தனி மருந்துகள் உண்டு. இதயம் தளர்வதற்கு முன்பே தொடங்கினால் பலன் அதிகம்.

காரணம் தெரியாமல் எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ மாத்திரையோடு நாளைக் கடத்தாதீர்கள். முன்பு எடுத்த திசு பாதுகாப்பாக இருந்தால், அதையே மீண்டும் சாயமிட்டுப் பார்க்க வழியுண்டு. எல்லா அறிகுறிகளையும் ஒரு தாளில் எழுதி, ஒரே மருத்துவரிடம் கொடுங்கள். பல ஆண்டு அலைச்சலை அந்த ஒரு தாள் மிச்சப்படுத்தக்கூடும்.