மனு கொடுத்த போட்டோவுக்கு அப்புறம் என்ன நடக்குது? ஒரு எம்.பி.யின் ஒரு வாரம்

(தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசாப் படிங்க, உங்க கிளை குரூப்புல பகிருங்க.)



எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிஷம். நான் மேடைப் பேச்சாளர் கிடையாது. இன்ஜினியரிங் முடிச்சுட்டு, நம்ம பேஜுக்கு கார்டு டிசைன் பண்ற ஆள். அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

எம்.பி. போட்டோ போட்டா ரெண்டு கேள்வி நிச்சயமா வரும். டெல்லியில் இருந்தா, "ஊர்ப்பக்கமே காணோமே?" ஊரில் இருந்தா, "நாடாளுமன்றத்துல என்ன பேசினார்?" ரெண்டுமே நியாயமான கேள்விதான். ஆனா டெல்லி வேலை தனி, தொகுதி வேலை தனின்னு நினைச்சுத்தான் ரெண்டையும் கேக்குறாங்க. அது ஒரே வேலையோட ரெண்டு முனை. இதை நாம புரிஞ்சுக்கிட்டாத்தான் மக்களுக்குச் சொல்ல முடியும்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் மில்லுல முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு பெரியவர், சனிக்கிழமை காலையில எம்.பி. ஆபீசுக்கு மனுவோட வர்றார்னு வச்சுக்குங்க. மனுவுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, பி.எஃப். பென்ஷன் மூணு மாசமா வரல. ரெண்டு, வந்தாலும் மாசம் ஆயிரம் ரூபாய்தான். ஒரு சிலிண்டரும் நாலு மாத்திரை அட்டையும் வாங்கினா தீர்ந்துடும்.

முதல் விஷயம் உள்ளூர்ப் பிரச்சினை. உயிர்வாழ் சான்று பதிவாகாம இருக்கலாம், ஆதார்ல பேரு மாறி இருக்கலாம். பி.எஃப். அலுவலகத்துக்கு ஒரு கடிதம், ஒரு போன், தொடர்ந்து விசாரிப்பு. இது எம்.பி. ஆபீஸ் செய்ற வேலை.

ரெண்டாவது அப்படி முடியாது. 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துல குறைந்தபட்ச பென்ஷன் ஆயிரம் ரூபாய்னு 2014 செப்டம்பர்ல நிர்ணயிச்சது மத்திய அரசு. அதை மாத்தணும்னா டெல்லியிலதான் கேக்கணும். ஒரே மனு, பாதி உள்ளூர், பாதி தேசியம்.

அந்த மனு திங்கக்கிழமை அவையில ஒலிக்குமா? ஒலிக்காது. ஏன்னு பாருங்க. மக்களவையில கேள்வி கேக்க குறைஞ்சது 15 முழு நாள் முன்னாடியே நோட்டீஸ் கொடுக்கணும். கேள்வி பொதுவா 150 வார்த்தைக்குள்ள இருக்கணும். மாநில அரசோட வேலையைப் பத்தி அங்க கேக்க முடியாது. 543 உறுப்பினர்கள் இருக்குற அவையில, ஒரு நாளைக்கு எடுத்துக்குறது வாய்மொழி பதிலுக்கு 20, எழுத்துப்பூர்வ பதிலுக்கு 230. வரிசை குலுக்கல்ல முடிவாகுது. வாய்மொழி பதிலுக்கு ஒரு உறுப்பினருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான் கிடைக்கும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வின்னு சொல்றது இதைத்தான். அமைச்சர் எழுந்து பதில் சொல்லணும், துணைக் கேள்வியும் கேக்கலாம்.

"போன வாரம் மனு கொடுத்தோம், இன்னும் பேசலையே"ன்னு யாராவது கேட்டா, கோபப்படாதீங்க. இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்க.

கூட்டத்தொடர் நடக்குற ஒரு வாரம் எப்படிப் போகுது? காலை 11 மணிக்கு கேள்வி நேரம். 12 மணிக்கு மேல பூஜ்ய நேரம். அவசரமான பொது விஷயத்தை அங்க எழுப்பலாம், ஆனா அமைச்சர் பதில் சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. அதுக்கு அடுத்த கதவு விதி 377. 250 வார்த்தைக்கு மிகாம எழுதிக் கொடுக்கணும். ஒரு உறுப்பினருக்கு வாரத்துக்கு ஒண்ணுதான். ஒரு ரயில் நிறுத்தமா, ஒரு மேம்பாலமா, ஒரு பென்ஷன் கோரிக்கையா? அந்த வாரத்து ஒரே வாய்ப்பை எதுக்குச் செலவு பண்றதுன்னு எம்.பி. முடிவு எடுக்கணும். அப்புறம் மசோதா விவாதம். கட்சியோட பலத்தைப் பொறுத்துத்தான் நேரம் ஒதுக்குவாங்க. அஞ்சு நிமிஷப் பேச்சுக்குப் பின்னாடி அம்பது பக்கப் படிப்பு இருக்கும்.

கேமராவுல சரியா வராத இன்னொரு வேலை நிலைக்குழு. மொத்தம் 24 குழு. ஒவ்வொண்ணுலயும் மக்களவையிலேர்ந்து 21 பேர், மாநிலங்களவையிலேர்ந்து 10 பேர். அமைச்சகச் செயலாளரைக் கூப்பிட்டு உக்கார வச்சு கணக்குக் கேக்குற இடம் அதுதான். கூட்டம் மூடின அறைக்குள்ள நடக்கும், அதனால ரீல்ஸ் கிடைக்காது. குறைந்தபட்ச பென்ஷனை உயர்த்தணும்னு தொழிலாளர் துறை நிலைக்குழு பரிந்துரை செஞ்சிருக்கு. பல கட்சி உறுப்பினர்கள் ஒரே மேசையில உக்கார்ந்து எழுதின பரிந்துரை அது.

வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டரை மணி நேரம் தனிநபர் அலுவல். அமைச்சரா இல்லாத எந்த உறுப்பினரும் மசோதா கொண்டு வரலாம். சுதந்திரத்துக்கு அப்புறம் ரெண்டு அவையிலயும் நிறைவேறின தனிநபர் மசோதாக்கள் வெறும் 14. கடைசியா 1970ல. அப்ப எதுக்கு இந்த வீண் வேலைன்னு தோணும். திருச்சி சிவா கொண்டு வந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்னைக்கு மாநிலங்களவை நிறைவேத்துச்சு. மக்களவையில அது நிறைவேறல. ஆனா அந்த விஷயத்தைத் தள்ளிப்போட முடியாத நிலை வந்துச்சு. 2019ல அரசே ஒரு சட்டம் கொண்டு வந்தது. அந்தச் சட்டத்து மேல திருநர் சமூகத்துக்கு கடுமையான விமர்சனம் உண்டு, அது வேற விவாதம். ஒரு தனி உறுப்பினரோட வெள்ளிக்கிழமை மதியம் எவ்வளவு தூரம் போகும்னு காட்டத்தான் சொன்னேன்.

வெள்ளி ராத்திரி ஊருக்குக் கிளம்பினா, சனி ஞாயிறு தொகுதி. தமிழ்நாட்டுல ஒரு எம்.பி. தொகுதிக்குள்ள 6 சட்டமன்றத் தொகுதி. கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரிக்கிறது எல்லாம் உண்டு. அதோட மனு வாங்குறது, மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டம். மத்திய அரசுத் திட்டங்கள் மாவட்டத்துல எப்படி நடக்குதுன்னு எம்.பி. தலைமையில அதிகாரிகளைக் கேக்குற கூட்டம் அது.

அப்புறம் எல்லாரும் கேக்குற எம்.பி. நிதி. 1993 டிசம்பர்ல தொடங்கின திட்டம். 2011-12லேர்ந்து வருஷத்துக்கு 5 கோடி. பெரிய தொகை மாதிரி தெரியும். ஆறால வகுத்துப் பாருங்க, ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு சுமார் 83 லட்சம். எம்.பி. கையில பணம் வராது. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்யும். பட்டியல் சாதி மக்கள் வாழும் பகுதிக்கு 15 சதவீதம், பழங்குடியினர் பகுதிக்கு 7.5 சதவீதம் போகணும். வழிபாட்டுத் தலத்துக்குள்ள வேலை செய்ய அனுமதி இல்ல. "கோயிலுக்கு மண்டபம் கட்டித் தரல"ன்னு யாராவது கோபப்பட்டா, விதியை எடுத்துச் சொல்ல வேண்டியது நாமதான்.

சரி, நம்ம பெரியவர் மனுவுக்கு வருவோம். கேள்வி குலுக்கல்ல வந்துடுச்சு. அமைச்சகம் பதில் கொடுத்துடுச்சு. அன்னைக்கு அவையில அமளி, வாய்மொழி பதிலே நடக்கலன்னாலும் எழுத்துப்பூர்வ பதில் அவையில வைக்கப்படும். நாடாளுமன்ற இணையதளத்துல யாரு வேணும்னாலும் படிக்கலாம். அந்தப் பதில்ல "பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒரு வரி இருந்தா அதை லேசா விடாதீங்க. அது உறுதிமொழிக் கணக்குல வரும். மூணு மாசத்துக்குள்ள நிறைவேத்தணும்னு எதிர்பார்ப்பு. அதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழுன்னு தனியா ஒரு குழுவே இருக்கு. "அப்படி எந்தத் திட்டமும் இல்லை"ன்னு பதில் வந்தா, அதுவும் நமக்குத் தேவையான ஆவணம். அடுத்த கூட்டத்தொடர்ல "ஏன் இல்லை?"ன்னு கேக்க அதுதான் பிடி.

இந்தப் பதில் அந்தப் பெரியவருக்குப் போய்ச் சேருதா? பல நேரம் சேர்றதில்ல. மனு கொடுத்த போட்டோ ஆயிரம் பேருக்குப் போகுது, பதில் வந்த பக்கம் பத்துப் பேருக்குக்கூடப் போகல. ஊர்க்காரருக்கு டெல்லி எட்டாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் நாம இருக்கோம். அதுக்காக உங்ககிட்ட மூணு வேண்டுகோள்.

ஒண்ணு, மனுவைச் சரியா வாங்குங்க. "பென்ஷன் வரல, உதவி பண்ணுங்க"ன்னு ஒரு வரி போதாது. எந்த அலுவலகம், எந்த மாசத்துலேர்ந்து, ஏற்கெனவே கொடுத்த மனுவோட எண் என்ன, கையில இருக்குற நகல் என்ன? இதெல்லாம் இருந்தாத்தான் வேலை நகரும். அதே மாதிரி புகார் இருபது பேர்கிட்ட இருந்தா சேர்த்து எழுதுங்க. இருபது மனு சேர்ந்தாத்தான் ஒரு கேள்வி பிறக்கும். இன்னொண்ணு, பெரியவரோட ஆதார், வங்கிப் புத்தகம் தெரியுற மாதிரி போட்டோ போடவே போடாதீங்க.

ரெண்டு, கார்டு போடும்போது கேள்வி எண், தேதி, கேட்டது, கிடைச்ச பதில் நாலும் இருக்கட்டும். முப்பது செகண்ட் ஆவேசம் பகிரப்படும், மறுநாள் மறந்து போகும். தேதியோட இருக்குற பதிலை எதிர்க்கட்சிக்காரர்கூட மறுக்க முடியாது.

மூணு, ஆணை வராம நன்றி போஸ்டர் போடாதீங்க. கடிதம் கொடுத்த அன்னைக்கே "எம்.பி. முயற்சியால் ரயில் நிற்கும்"னு போட்டுட்டா, ரயில் நிக்காம போகும்போது பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஊர்க் கிளைச் செயலாளர். அவர் டீக்கடையில தலைகுனியுற மாதிரி நாம எதையும் பதிவிடக் கூடாது. "கேட்டோம், மறுத்தாங்க, திரும்பக் கேக்குறோம்"னு போடுறது தோல்வி இல்ல. மக்கள் அதை மதிப்பாங்க.

நம்ம எம்.பி.யைக் கேள்வி கேக்குறவங்களை பிளாக் பண்றது நம்ம வேலை இல்ல. அவர் கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் அவங்க கையில கொடுக்குறதுதான் நம்ம வேலை. இந்த வாரம் ஒவ்வொருத்தரும் உங்க தொகுதி சம்பந்தமா நாடாளுமன்றத்துல வந்த ஒரே ஒரு பதிலைத் தேடி எடுங்க. தமிழ்ல நாலு வரியில எழுதுங்க. முதல்ல அது யாரைப் பத்தினதோ அவங்க வீட்டுல கொண்டு போய்க் கொடுங்க. அப்புறம் பேஜுக்கு அனுப்புங்க, கார்டு நான் போட்டுத் தர்றேன்.