ஓய்வூதியம் பெறுவோர் பராமரிப்பு உதவியும் பெறலாமா?
(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் சீவி, பால் நிறுத்துக் களைப்போடு வந்திருக்கின்றீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வந்துவிடுகிறோம்.

சென்ற முறை இங்கு வந்தபோது, மரம் சீவும் தாய் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஓர் ஐயம் கேட்டார். அவருடைய அக்காள் மணமாகிச் சிங்கப்பூர் சென்று அந்நாட்டுக் குடிமகளானவர், வயது 68. அக்காளின் கணவர் பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்டார். "ஐயா, அக்காவுக்கு மாதாமாதம் சேமநிதிப் பணம் வருகிறது. அத்தானைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் வேறு பணம் கொடுக்கிறதாம். அதற்கு எழுதிப் போட்டால் இருக்கிற பணத்தையும் வெட்டிவிடுவார்களோ என்று பயந்து, இரண்டு வருடமாகக் கேட்காமலே இருக்கிறாள்" என்றார். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது யாரோ சொன்ன சொல்லாம் அது. லண்டனில் தம் உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் நேர்ந்தது என்று அவர் கூறினாராம்.

சந்தையில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. பிரிட்டனில் உண்மையாகவே அப்படி ஒரு விதி உண்டு. நோயுற்றவரை வாரத்திற்கு 35 மணி நேரமாவது கவனித்துக் கொள்வோர்க்கு அங்கே 1976ஆம் ஆண்டு முதல் ஓர் உதவித்தொகை வழங்கப்படுகிறது. வீட்டில் இருப்பதுதானே அவர்கள் வேலை என்று கருதி, மணமான பெண்களுக்கு அதனைத் தொடக்கத்தில் மறுத்திருந்தனர். ஐரோப்பிய நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்த பிறகே அந்தத் தடை நீங்கியது. உழைப்பு இழந்தவருக்கு ஈடாகத் தரப்படும் இந்தத் தொகையும் அரசு ஓய்வூதியமும் ஒரே நோக்கத்திற்கானவை என்பது அந்நாட்டுக் கொள்கை. எனவே ஒருவருக்கு இரண்டையும் முழுமையாகத் தருவதில்லை. 2025-26இல் கவனிப்போர் உதவித்தொகை வாரம் 83.30 பவுன், புதிய முறையின் முழு ஓய்வூதியம் 230.25 பவுன். ஓய்வூதியம் மிகுதியாக இருப்பதால் உதவித்தொகை கைக்கு வராது. அப்போதும், விண்ணப்பித்துத் தகுதியைப் பதிவு செய்து வைத்தால், வருவாய் குறைந்த முதியோர்க்கான துணைத்தொகையில் சிறிது கூடுதலாகக் கிடைக்கக் கூடும். ஆக, அங்கேகூட விண்ணப்பிக்காமல் இருப்பது நட்டமே.

இனி, அக்காள் வாழும் சிங்கப்பூருக்கு வருவோம். ஈசூன், செம்பவாங் என்று இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கும் பகுதிகளில் ஒரு காலத்தில் நம்மவர் பால்மரம் சீவினர். அந்நாட்டு முதியோரின் மாத வருமானத்திற்கு அடிப்படை, 1955ஆம் ஆண்டு தொடங்கிய மத்திய சேமநிதி. இது வரிப்பணத்திலிருந்து எல்லார்க்கும் அளிக்கப்படும் ஓய்வூதியமன்று. தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தின்மேல் செலுத்திச் சேர்ந்த பணம். 2009இல் தொடங்கிய 'மசேநிதி லைஃப்' திட்டத்தில் சேர்ந்தோர்க்கு, 65 வயது முதல் ஆயுள் முழுவதும் மாதத் தொகை கிடைக்கும். அது அவரவர் சேமிப்பு.

அத்தானைப் பற்றிய பணம் வேறு. அதன் பெயர் இல்லப் பராமரிப்பு மானியம். 2019 அக்டோபரில் மாதம் 200 சிங்கப்பூர் வெள்ளியாகத் தொடங்கி, 2023 மார்ச்சில் 400 வெள்ளி வரை உயர்ந்தது. 2026 ஏப்ரல் முதல் 600 வெள்ளி வரை உயரும் என 2025இல் அறிவிக்கப்பட்டது. இதனைப் பெற இரு முக்கிய கேள்விகள் உண்டு. முதலாவது, நோயாளியின் நிலை. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறு செயல்களில் மூன்றிலாவது அவருக்கு எப்போதும் பிறர் உதவி தேவைப்பட வேண்டும். இரண்டாவது, வீட்டாரின் வருமானம். பராமரிப்பவர் ஓய்வூதியம் பெறுகிறாரா என்று கேட்டுக் கதவைச் சாத்தும் விதி அங்கே இல்லை. பிரிட்டனில் தொகை கவனிப்பவருக்கு உரியது. சிங்கப்பூரில் அது கவனிக்கப்படுபவரின் தேவைக்கு உரியது. வேறுபாடு இதுதான்.

வருமானக் கணக்கு பலரை அச்சுறுத்துகிறது. ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் நோயுற்ற கணவர், மனைவி, மகன், மருமகள், ஒரு பேரப்பிள்ளை என ஐவர். மகன் 4,000 வெள்ளியும் மருமகள் 2,400 வெள்ளியும் ஈட்டுகின்றனர். மொத்தம் 6,400, தலைக்கு 1,280. மனைவிக்கு வரும் மாதத்தொகை 500 வெள்ளி என்று கொண்டு, அதையும் முழுதாகச் சேர்த்துப் பார்த்தாலும் தலைக்கு 1,380தான். 2026 ஏப்ரலுக்கென அறிவிக்கப்பட்ட மேல்வரம்போ தலைக்கு 4,800! வருமானம் குறையக் குறைய மானியம் கூடும். ஈட்டுவோரே இல்லாத வீடாயின், வீட்டின் ஆண்டு மதிப்பைப் பார்ப்பர். சிறு சேமநிதித் தொகைக்கு அஞ்சி இரண்டு ஆண்டு மானியத்தை இழந்தது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சம்பள நாளன்று கிராணியின் கணக்கைச் சரிபார்க்கும் உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சேமநிதி உண்மையாகவே குறுக்கே வருவது வேறோர் இடத்தில். 2016இல் தொடங்கிய 'சில்வர் சப்போர்ட்' என்னும் மூத்தோர் ஆதரவுத் திட்டம், வாழ்நாளில் குறைவாக ஈட்டிய 65 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை பணம் தருகிறது. 55 வயதுவரை சேமநிதியில் சேர்ந்த மொத்தச் சந்தா 140,000 வெள்ளியை மீறக் கூடாது. வீட்டு வருமானம் 2025 முதல் தலைக்கு 2,300 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். வாழும் வீட்டின் அளவையும் பார்ப்பர். கிடைப்பது 215 முதல் 1,080 வெள்ளி வரை. இதற்கு விண்ணப்பமே வேண்டியதில்லை. தகுதியுடையோரை அரசே தேர்ந்தெடுக்கிறது. கணவருக்குப் பராமரிப்பு மானியம் வருகிறதா என்பது இந்த நிபந்தனைகளுள் ஒன்றன்று. வங்கிக் கணக்கில் வந்து விழும் பணம் எந்தத் திட்டத்தின் பணம் என்று அறியாமல், எல்லாவற்றையும் 'சேமநிதிப் பணம்' என்று அழைக்கும் மூதாட்டியர் பலர். அந்த அக்காளும் அப்படியே இருக்கக் கூடும். கைக்கு வரும் எல்லா வருவாயையும் எண்ணிப் பார்த்து உதவுவது, மிகவும் வறியோர்க்கான காம்கேர் உதவி. அதனையும் பராமரிப்பு மானியத்தையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவதே இவ்வச்சத்திற்குப் பெரும் காரணம் என்பது நம் கருத்து.

ஆனால் ஒரு குறையை மறைக்க வேண்டியதில்லை. சம்பளத்தின்மேல் கட்டப்பட்ட சேமநிதி, சம்பளம் இல்லாத உழைப்பைக் காண்பதில்லை. மாமியாரைக் கவனிக்க 40 வயதில் வேலையை விட்ட பெண்ணின் கணக்கில் அன்றோடு சந்தா நின்றுவிடுகிறது. கணவருக்காக வரும் மானியம் பாலுக்கும் அணையாடைக்கும் செலவாகிவிடும். அவளுடைய முதுமைக்கு அது சேராது. இந்த ஓட்டையை ஓரளவு அடைக்க 2021இல் ஒரு திட்டம் வந்தது. சேமிப்புக் குறைந்த 55 வயதுக்கு மேற்பட்டோரின் கணக்கில் பிள்ளைகளோ பிறரோ பணம் போட்டால், அரசு அதே அளவு தானும் போடும். 2025 முதல் அது ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரை, வாழ்நாளில் 20,000 வெள்ளி வரை. தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் சேலை எடுத்துக் கொடுக்கும் மகன், அதோடு இதையும் செய்தால் தாய்க்கு மாதத்தொகை கூடும். ஆயினும் போடுவதற்குப் பணமுள்ள பிள்ளைகள் வேண்டுமே!

நம் நாட்டில் நிலைமை மறுபுறமாக உள்ளது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சொக்சோவில், உடல் செயலிழந்து ஓய்வூதியம் பெறும் தொழிலாளிக்கு, இடையறாத கவனிப்புத் தேவை என்று மருத்துவக் குழு கூறினால், மாதம் 500 ரிங்கிட் தனிப்படி உண்டு. இங்கே ஓய்வூதியமே அதற்கு வாயில். அந்தச் சான்று இல்லாமல் படியைக் கேட்க இயலாது. ஓய்வூதியம் வந்ததும் போதும் என்று இருந்துவிடுவோர் நம் லயங்களிலும் உண்டு.

அந்தத் தாய் அன்று மாலையே நம் முன்னிலையில் அக்காளைத் தொலைபேசியில் அழைத்தார். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், அத்தானின் நிலையை மதிப்பிட ஆள் வருவர் என்று விளக்கினோம். அக்காள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொடுத்ததைப் பிறகு திருப்பிக் கேட்கமாட்டார்களே, தம்பி?" என்றார். நோயாளி முதியோர் இல்லத்திற்கு மாறிவிட்டால் மானியம் நிற்கும், அத்தகைய மாற்றத்தை உடனே தெரிவிக்க வேண்டும் என்றோம். "அவரை நான் எங்கும் அனுப்பமாட்டேன்" என்று கூறி, விண்ணப்பத் தாளை எங்கே வாங்குவது என்று கேட்டார்.