பொட்டலத்தின் கயிறும் சிறுமியின் சிரிப்பும்

(தில்லி லோதி ரோட்டில் நடைபெற்ற வாசகர் கூட்ட உரையின் சுருக்கம்)



பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. தன்வரலாறும் புனைவும் கலந்த நூல். அதில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளி விட்டு வீடு திரும்புகிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர், எண்ணெய் ஊறிய பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் சென்று, நிலவுடைமையாளரான நாயக்கரிடம் பணிந்து நீட்டுகிறார். சிறுமிக்குச் சிரிப்புத் தாளவில்லை. அண்ணனிடம் சொல்கிறாள், அவன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்கிறான்.

அச்சிரிப்பை அறியாமை எனத் தள்ளிவிடலாகாது. கோணலைக் கோணலாகக் கண்டவள் அவளே. பெரியவர்களுக்கோ அது பழகிப்போயிருந்தது.

ஹார்ப்பர் லீயின் 1960ஆம் ஆண்டுப் புதினத்தில் ஸ்கவுட் என்னும் வெள்ளையினச் சிறுமி, நீதிமன்றத்தில் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய மேல்மாடத்தில் அமர்ந்து, குற்றமற்ற கறுப்பினத் தொழிலாளி ஒருவர் குற்றவாளியாக்கப்படுவதைப் பார்க்கிறாள். அவள் அறிவது பிறருக்கு நேர்ந்த அநீதி. பாமாவின் சிறுமியோ அக்கயிற்றின் முனையில் தன் கையையே காண்கிறாள். அந்த வடையைத் தொட்டுவிட வேண்டும் என்று அவளுக்குச் சினம் மூள்கிறது.

இங்கே, தில்லித் தமிழ் வீடுகள் சிலவற்றில், வேலைக்கு வரும் அம்மாவுக்கெனத் தனித் தம்ளர் உண்டு. தோழர்களின் வீடுகள் விலக்கா என்பதை அவரவரே அறிவர். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் பள்ளியில் படித்துவிட்டு வரும் குழந்தை அந்தத் தம்ளரைக் காட்டி ஏன் என்று கேட்கிறது. ‘ஓரம் நெளிந்திருக்கிறது, அதனால்தான்’ என்று பதில் வருகிறது.

‘கருக்கு’ அண்ணன் அப்படி மழுப்பவில்லை.