வெளி ஓரத்தைப் பாருங்கள்

என் ஆசிரியர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அரங்கில் தலைமையேற்பது பெரும் பேறு, படபடப்பும் இருக்கிறது.

முழங்கால் லிகமென்ட் கிழிசலை எம்.ஆர்.ஐ.யில் கண்டறிவது மாநாட்டின் பொருள். முழுதாக அறுந்த ஏ.சி.எல். (முன் குறுக்கு லிகமென்ட்) இன்று நமக்குப் பெரிய சிக்கல் இல்லை. நாரின் தொடர்ச்சி அறுந்திருக்கும், புளூமென்சாட் கோட்டைவிடத் தாழ்ந்து படுத்திருக்கும், வெளிப்புற எலும்புகளில் கன்றல் தெரியும். பகுதிக் கிழிசலையும் மெனிஸ்கஸின் ராம்ப் கிழிசலையும் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் அடுத்த அமர்வுகளில் இருக்கிறார்கள். எனக்குத் தரப்பட்ட நேரத்தை முழங்காலின் வெளி ஓரத்துக்கே செலவிட விரும்புகிறேன்.

1879இல் பாரிஸ் அறுவை மருத்துவர் பால் செகோண்ட், சடலங்களின் முழங்காலை மடக்கி உட்பக்கமாகத் திருகிப் பார்த்தார். கெண்டைக்கால் எலும்பின் மேல்முனையில், வெளி ஓரத்திலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. அங்கே முத்துநிறத்தில் உறுதியான நார்ப்பட்டை ஒன்று இழுபடுவதையும் எழுதிவைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன. கண்ணாலும் கையாலும் மட்டுமே கண்டது அது.

2013இல் பெல்ஜியத்தின் லூவென் குழு 41 முழங்கால்களை அறுத்து ஆராய்ந்து, ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் அந்தப் பட்டையைக் கண்டதாக எழுதியது. அவர்கள் செகோண்டை மறைக்கவில்லை. ‘புதிய லிகமென்ட்’ என்று முழங்கியவை செய்தித்தாள்கள். நம் துறையினரும் அதை நம்பியதுதான் என் வருத்தம். எலும்புச் சில்லுக்கு அவர் பெயரைத் தினமும் எழுதுகிறோம், அவர் கண்ட நாரை மறந்துவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இதுபோன்றதொரு கூட்டத்தில் என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் இந்த நார், அதாவது ஏ.எல்.எல்., கிழிந்ததா இல்லையா என்று எழுதியே தீரவேண்டும் என்றார். அன்றே மறுத்தேன்; இன்றும் மறுக்கிறேன். அந்த நார் மெல்லியது, மூட்டு உறையோடும் இலியோடிபியல் பட்டையோடும் கலந்து கிடப்பது. நம் வழக்கமான 3 மி.மீ. வெட்டுகளில் பல இடங்களில் நழுவிவிடும். ஓர் ஆய்வுக்குழுவுக்கு ஏறக்குறைய எல்லா முழங்காலிலும் தெரிகிறது, இன்னொரு குழுவுக்குப் பாதியில்தான். அந்தச் சில்லை இழுத்துப் பெயர்ப்பது எந்த நார் என்பதிலேயே வழக்கு தீரவில்லை. 2001இல் வந்த கட்டுரை ஒன்று இலியோடிபியல் பட்டையைச் சுட்டியது. அப்படியிருக்க, ‘கிழிந்தது’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுத நமக்கு ஆதாரம் போதாது. வீக்கம் கண்டால் வீக்கம் என்றும், சில்லு கண்டால் சில்லு என்றும் எழுதுவோம்.

அந்தச் சில்லையாவது தவறவிடாமல் இருக்கிறோமா? எம்.ஆர்.ஐ.யில் எலும்பின் புறணியும் கருப்பு, ஒட்டியிருக்கும் நாரும் கருப்பு. சில்லு அதிலேயே கரைந்துவிடும். நேர்முக எக்ஸ்ரேயிலோ, நகம் வெட்டிப்போட்ட துண்டுபோலப் பளிச்சென்று நிற்கும். அது தெரிந்தால் ஏ.சி.எல். அறுந்திருப்பது ஏறக்குறைய உறுதி. ஆனாலும் கபடியில் விழுந்த பையன் எம்.ஆர்.ஐ.க்கு வரும்போது அந்த எக்ஸ்ரே வீட்டில் கிடக்கிறது. சீட்டில் ‘வலது முழங்கால் வலி, ஜவ்வு?’ என்று மட்டும் இருக்கிறது.

அந்தச் சீட்டில் லாக்மன் சோதனையின் முடிவு ஏன் இல்லை? டார்க் குழு 1976இல் அதை வெளியிட்டது. முழங்காலை 20, 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கெண்டைக்காலை முன்னே இழுத்தால் டக்கென்று நிற்கிறதா, கொழகொழவென்று வந்துகொண்டே இருக்கிறதா? நாரில் வெளுப்பு மட்டும் தெரிந்து தொடர்ச்சி அறாமல் இருக்கும்போது, மியூக்காய்டு சிதைவா பகுதிக் கிழிசலா என்ற குழப்பத்தில் எனக்கு அதிகம் உதவுவது இந்தப் பதில்தான். செலவே இல்லாத சோதனையின் முடிவை எழுதாமல், ஏழைக் குடும்பத்தைப் பல ஆயிரம் ரூபாய்ப் படத்துக்கு அனுப்புவது நியாயமில்லை.

ஆகவே இந்த மாநாட்டின் தீர்மானத்தில் இரண்டு வரி வேண்டும் என்று கேட்கிறேன்: முழங்கால் எம்.ஆர்.ஐ.க்கு நேர்முக எக்ஸ்ரேயும் லாக்மன் முடிவும் உடன் வரவேண்டும். இரண்டும் இல்லாமல் எழுதப்படும் ரிப்போர்ட்டில் அந்தக் குறை பதிவாகவேண்டும். அடுத்து முதல் கட்டுரை வாசிக்க இருப்பவர் இதை ஏற்கமாட்டார் என்று அறிவேன். அவருடைய மறுப்பை அவை முழுதாகக் கேட்கட்டும். பிறகு வாக்கெடுப்புக்கு விடுவோம்.