கறியின் தரம் பட்டியிலேயே தொடங்குகிறது



வெள்ளாடு வளர்ப்பைப் பற்றி நாம் கூடும்போதெல்லாம் நோய், தீவனம், விலை ஆகிய மூன்றையே பேசி வருகிறோம். அந்த விலைக்கு அடிப்படையான கறியின் தரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கறி மென்மையாக இருப்பது சமைப்போரின் கைப்பக்குவத்தால் மட்டுமன்று; பெரும்பகுதி ஆடு வளர்ப்போரின் கையில் உள்ளது.

முதலாவது வயது. வயது ஏற ஏறத் தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் பொருள் இறுகுகிறது. அத்தகைய கறி எளிதில் வேகாது. ஆகவே, இரண்டு பல் போடுவதற்கு முன்பே, ஏறத்தாழ ஓராண்டுக்குள், ஆட்டை விற்பது நன்று.

இரண்டாவது காயடித்தல். கிடா பருவமடைந்த பின்னரே அதன் கறியில் வாடை ஏறுகிறது. 2 அல்லது 3 மாத வயதில் கால்நடை மருந்தகத்தில் பர்டிசோ கருவியால் காயடித்துக்கொண்டால் இக்குறை நீங்கும். ஆனால், கோயில் நேர்த்திக்கடனுக்கும் பக்ரீத் பண்டிகைக்கும் வாங்குவோர் பெரும்பாலும் காயடிக்காத கிடாவையே நாடுவர். எந்தக் குட்டி யாருக்கு என்பதை முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது தீவனம். கரிசல் நிலத்தின் கன்னி ஆடும் கொடி ஆடும் மேய்ந்து திரியும் இனங்கள். விற்பனைக்கு முந்தைய சில மாதங்களில் மேய்ச்சலோடு அகத்தி, வேலிமசால் தழைகளையும், தானியமும் பிண்ணாக்கும் தவிடும் கலந்த கலப்புத் தீவனத்தையும் கொடுத்தால் சதை பிடிக்கும். கலப்புத் தீவனத்தைச் சிறிது சிறிதாகவே கூட்டுதல் வேண்டும். ஒரேயடியாகக் கொடுத்தால் வயிறு உப்பி ஆடு நலிவுறும். மருந்து கொடுத்த ஆட்டை, மருத்துவர் குறிக்கும் நாட்கள் கழியும் வரை கறிக்கு விற்கலாகாது.

இவற்றையெல்லாம் செய்தும், கடைசி ஒரு நாளில் பயனை இழந்துவிடுகிறோம். எட்டயபுரம், மேலப்பாளையம் போன்ற பெரிய சந்தைகளுக்கு ஆடுகளை வண்டியில் நெருக்கி அடைத்து, தண்ணீரின்றி, வெயிலில் கொண்டு செல்வதுண்டு. அச்சத்தாலும் களைப்பாலும் தசையில் சேமித்துள்ள கிளைக்கோஜன் என்னும் சத்து தீர்ந்துவிடுகிறது. அறுத்த பின்பு அச்சத்தே லாக்டிக் அமிலமாக மாறிக் கறியைப் பதப்படுத்த வேண்டும். அது குறைந்தால் கறி கறுத்து, விரைவில் கெட்டுப்போகிறது. பல மாத உழைப்பு ஒரே பயணத்தில் வீணாகிறது. வழியில் உடல் எடையும் குறைவதால் உழவருக்கு இரட்டை நட்டம்.

ஆகவே, ஆடுகளை இரவிலோ விடியற்காலையிலோ நெருக்கடியின்றி ஏற்றுவோம். கம்பளியைப் பற்றித் தூக்குவது போல் தோலையோ கொம்பையோ பிடித்து இழுப்பதைத் தவிர்ப்போம். சேர்ந்த இடத்தில் தண்ணீர் காட்டி, அறுப்பதற்கு முன் நிழலில் ஓய்வு தருவோம். அறுத்த கறியைச் சூடு ஆறுமுன் பனிப்பெட்டியில் திணித்தால் தசை சுருங்கி இறுகிவிடும் என்பதை இறைச்சிக் கடைக்காரர்களுக்கும் எடுத்துரைப்போம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு தண்ணீர்த் தொட்டியும், ஆடுகள் நிற்க ஒரு நிழற்கூரையும், அறுக்குமிடத்தில் கழுவிவிடத் தக்க தளமும் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையெனில் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டு வாருங்கள். பெருஞ்செலவின்றி உழவரின் வருவாயைக் காக்கும் பணி இது.